சாரல்மேட்டில் ஒரு கதவு

சிவபாக்கியத்துக்குக் காது ரொம்பக் கூர்மை. கொடைக்கானலிலிருந்து பூண்டிக்குப் போகும் சாலையில் எந்த வண்டி வந்தாலும், அது வளைவு திரும்புவதற்கு முன்பே இன்ன வண்டி என்று சொல்லிவிடுவாள். பூண்டு மூட்டை ஏற்றிய லாரி முக்கி முனகிக்கொண்டு வரும். கூக்கால் பஸ்ஸுக்கு ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆடும். ஜீப் சத்தத்தை மட்டும் அவள் காதால் கேட்பதில்லை, அடிவயிற்றால் கேட்பாள்.

அந்தக் காதுக்காகத்தான் சாரல்மேட்டு ஜனங்கள் அவளைச் சாலை வளைவுக்கு நேர் மேலே குடி வைத்திருந்தார்கள். அந்த மேட்டில் குடிசை போட்டிருந்த ஒருவருக்கும் பட்டா கிடையாது. ஜீப் வந்தால் சிவபாக்கியம் ஒரு மண்ணெண்ணெய் டின்னைத் தட்டுவாள். டின் சத்தம் கேட்டதும் மேடு முழுவதும் ஒரே காரியம்தான் நடக்கும். அடுப்பில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றுவார்கள். கூரையாகக் கிடக்கும் தார்ப்பாயை உருவிச் சுருட்டி, சட்டி பானையோடு பெரணிப் புதருக்குள் தள்ளுவார்கள். கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாட்டில் மரக்காட்டுக்குள் போய்விடுவார்கள். குடிசைகள் மேட்டின் மடிப்புக்குள் இருந்ததால், சாலையில் நின்று பார்த்தால் மரமும் புதரும்தான் தெரியும். புகை ஒன்றுதான் அவர்களைக் காட்டிக்கொடுக்கும். புகையும் இல்லையென்றால் அங்கே ஆளே இல்லை.

எந்த ஆபீஸ் ஜீப் என்று யாரும் விசாரித்ததில்லை. வந்த புதிதில் ஒருமுறை, விவரம் தெரியாமல், வருகிறவர்கள் யாரோ என்னவோ என்று வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். வந்தவர்கள் குடிசைகளைப் பிரித்து எறிந்து, சோற்றுப் பானையையும் உருட்டிவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் விசாரிக்க என்ன இருக்கிறது? ஜீப் என்றால் ஜீப்தான்.

சிவபாக்கியமும் அவள் புருஷன் பொன்னுவேலும் கப்பலேறி வந்தவர்கள். இலங்கையில் நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே கல்யாணமும் கட்டிக்கொண்டவர்கள். உங்கள் ஊர் இந்தியாதான், போங்கள் என்று இரண்டு அரசாங்கமும் பேசி முடித்து அனுப்பிவைத்தன. அவளையோ அவனையோ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மண்டபம் முகாமில் வெயிலில் வெந்துகொண்டிருந்தவர்களை, குளிருக்குப் பழகிய ஆட்கள் என்று ஒரு காண்டிராக்டர் பொறுக்கியெடுத்து, தோல் பதனிட உதவும் வாட்டில் மரப்பட்டை உரிக்கக் கொடைக்கானலுக்கு லாரியில் ஏற்றிவந்தான். பட்டை இருந்தவரை அவன் இருந்தான். பட்டை தீர்ந்ததும் அவனைக் காணோம். ஜனங்கள் மட்டும் சாரல்மேட்டில் தங்கிப்போனார்கள்.

தோட்டத்துக் கூலிகளுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்தில் அவளுடைய காம்பரா ஒற்றை அறைதான். மழை பெய்தால் ஒழுகும். பக்கத்துக் காம்பராக்காரர் இருமினால் இவளுக்குத் தூக்கம் போகும். ஆனால் கதவில் ஒரு நம்பர் இருந்தது. வெள்ளைப் பெயின்டில் எழுதிய நம்பர். அது கம்பெனிக்காரன் தன் வசதிக்காக எழுதியது என்பது அவளுக்கும் தெரியும். இருந்தாலும், நீ எங்கே இருக்கிறாய் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒன்று இருந்தது. இங்கே ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், ரேஷன் கடையில் கேட்டார்கள், கதவு எண் என்ன என்று. சாரல்மேடுங்க என்பாள். எழுதுகிறவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒரு கோடு போடுவார். 

பெற்ற பிள்ளை ஒன்றும் தங்கவில்லை. நகை நட்டுக்கு ஆசைப்பட்டவளும் இல்லை. தன் வீடு, தன் கதவு, கதவில் ஒரு நம்பர். இதற்குமேல் அவளுக்கு ஒரு ஆசையும் கிடையாது. படுத்துக்கொண்டு அந்த நம்பரைக் கதவில் எங்கே எழுதச் சொல்வது என்று யோசிப்பாள். நடுவில் எழுதினால் மாலை போட்டால் மறைந்துவிடும். நிலைக்குப் பக்கமாக, கண் மட்டத்துக்கு எழுதினால் நல்லது.

“மொதல்ல கதவு வாங்கு புள்ள. அப்புறம் நம்பர் எழுதலாம்” என்பான் பொன்னுவேல். அப்போது அவர்கள் குடிசைக்கு வாசலில் தொங்கியது ஒரு சாக்கு.

எழுபத்தாறோ எழுபத்தேழோ, மாசி மாதம். காலை வெயிலில் ஒரு ஜீப் வந்தது. சிவபாக்கியம் டின்னைத் தட்டினாள். கண்மூடித் திறப்பதற்குள் மேடு காலியாகிவிட்டது. வாட்டில் மரங்களுக்குப் பின்னால் குந்தியிருந்து பார்த்தார்கள். பேன்ட் போட்ட நாலைந்து பேர் இறங்கினார்கள். ஒரு பெரிய காகிதத்தை ஜீப்பின் முன்பக்கத்தில் விரித்து, காற்றில் பறக்காமல் மூலைக்கு ஒரு கல் வைத்தார்கள். மேட்டை அண்ணாந்து பார்த்தார்கள். கொஞ்ச தூரம் ஏறிவந்து, செருப்பில் சேறு பட்டதும் இறங்கிவிட்டார்கள். ஒருவர் ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டே, என்ன அருமையான இடம், ஆள் அரவமே இல்லை என்று சொன்னது இவர்கள் காதில் விழுந்தது. பிறகு காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

அன்றைக்குச் சாரல்மேட்டில் ஒரே கொண்டாட்டம். ஒரு கோழிகூடச் சத்தம் போடவில்லை. பக்கத்துக் குடிசை அருள்மேரி, மிஷன் பள்ளிக்கூட ஹாஸ்டலில் துணி வெளுக்கிறவள், எல்லோருக்கும் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். பாக்கியத்தின் காதுக்கு ஒரு கம்மல் வாங்கிப் போட வேண்டும் என்று கேலி பேசினார்கள். சிவபாக்கியத்துக்கும் பெருமை பிடிபடவில்லை.

ஓடை தாண்டி அடுத்த சரிவில் வேலப்பன் ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ஒளியத் தோது கிடையாது. மொட்டைச் சரிவு, சாலையைப் பார்த்த குடிசைகள். போதாததற்கு வேலப்பனும் சோம்பேறி. ஜீப் வந்தபோது அவன் கட்டிலில் படுத்துப் பீடி குடித்துக்கொண்டிருந்தானாம். அகப்பட்டுக்கொண்டார்கள், பாவம், என்று சாரல்மேட்டுக்காரர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

ஒன்றரை வருஷம் போயிருக்கும். பஜாரில் மளிகைக் கடை வைத்திருந்த ஒலியுல்லா பாய் ஒரு நாள் சிவபாக்கியத்தை நிறுத்திச் செய்தி சொன்னார். கவர்மென்ட்டில் ஊருக்கு மாஸ்டர் பிளான் போட்டிருக்கிறார்கள். எங்கே வீடு, எங்கே கடை, எங்கே காடு என்று வரைந்து ஆபீஸ் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். பட்டா இல்லாமல் குடியிருப்பவர்களுக்கு அந்தந்த இடத்திலேயே வீட்டுமனை, கதவு எண் எல்லாம் உண்டாம். வேலப்பன் கூட்டத்துக்கு வந்துவிட்டது.

“ஒங்களுக்கும் வந்திருக்கும் தங்கச்சி, போய்ப் பாத்துட்டு வா. வெரசா போ.”

அவள் வாங்கிய பருப்பைக்கூட எடுத்துக்கொள்ளாமல் ஓடினாள். ஹாஸ்டலில் நின்ற அருள்மேரியை ஈரக் கையோடு இழுத்துக்கொண்டு ஆபீஸ் படி ஏறினாள். மேலே சுவர் முழுக்க அந்தப் படம் இருந்தது. படம் வரைகிற அடைக்கலராஜ் என்பவர் நல்ல மனிதர். இரண்டு பெண்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்து எழுந்து வந்தார். மஞ்சள் என்றால் வீடு, சிவப்பு என்றால் கடை என்று பொறுமையாகச் சொன்னார். ஏரியைக் காட்டினார், பூண்டி ரோட்டைக் காட்டினார். வேலப்பன் சரிவு பளிச்சென்று மஞ்சளாக இருந்தது. ஓடைக்கு இந்தப் பக்கம் சாரல்மேடு பச்சை. கண்ணுக்குக் குளிர்ச்சியான பச்சை.

பச்சை என்றால் என்ன என்று அருள்மேரி கேட்டாள். பச்சை என்றால் காடு, அங்கே யாரும் வீடு கட்டக்கூடாது என்றார் அவர்.

“நாங்க இருக்கோமே சார்” என்றாள் அருள்மேரி.

“நானே சர்வேக்கு வந்திருந்தேம்மா. மேட்டுல ஆளே இல்ல. ஒரு அடுப்புப் புகைகூட இல்ல.”

சிவபாக்கியத்துக்கு அந்த ஆரஞ்சும், விரித்த காகிதமும், மூலைக்கு வைத்த கல்லும் ஞாபகம் வந்தன. 

“நாங்க ஒளிஞ்சிருந்தோங்க ஐயா. நான்தான் டின்னு தட்டினேன்.”

அடைக்கலராஜ் முதலில் சிரித்துவிட்டார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். ஆட்சேபணை எழுதித் தரலாம், தானே எழுதித் தருகிறேன் என்றார். மறுபடி ஒரு பார்வைக்கு ஆள் வருவார்கள். குடியிருக்கிறவர்களை அதிகாரி கண்ணால் பார்த்தால்தான் நிறத்தை மாற்ற முடியும். எப்போது வருவார்கள் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

“ஆனா வருவாங்க. வரும்போது மட்டும் ஓடிராதீங்கம்மா.”

 சாரல்மேட்டில் அவளை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. எல்லோரும் கூடிப் பேசி, இனி டின் கிடையாது, அடுப்பை அணைப்பது கிடையாது என்று முடிவு செய்தார்கள். தார்ப்பாயை எடுத்துவிட்டு மலைப்புல்லால் கூரை வேய்ந்தார்கள். வீடு வீடாகத் தெரிய வேண்டுமே.

அதுவரை ஜீப்புக்குப் பயந்த காது, அன்றிலிருந்து ஜீப்புக்கு ஏங்க ஆரம்பித்தது. தூரத்தில் சத்தம் கேட்டால் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஈரத் தழையை அடுப்பில் போட்டுப் புகையைக் கிளப்பிவிட்டு வளைவுக்கு ஓடுவாள். சினிமா எடுக்கிறவர்கள் போனார்கள். கிளாவரைக்குக் காய்கறி பேச வியாபாரிகள் போனார்கள். தேனிலவுக்கு வந்த ஜோடிகள் கையசைத்துவிட்டுப் போயின. அவள் அண்ணாந்து நின்று புழுதியைத் தின்றுவிட்டுத் திரும்புவாள். வெள்ளனே எழுந்தால் அதே நினைப்பு. சோலிக்குப் போன இடத்திலும் அதே நினைப்பு. அடைக்கலராஜைப் பார்த்துக் கேட்கலாம் என்று போனால், அவர் மாற்றலாகித் திண்டுக்கல் போய்விட்டிருந்தார்.

அந்தப் பச்சை இருக்கிறதே, அது ஏழைக்குத்தான் பச்சை. சாரல்மேட்டின் உச்சியில் ஒரு பழைய வெள்ளைக்காரன் பங்களா இருந்தது. அதை யாரோ வாங்கி இடித்துவிட்டு, சுற்றுலாக்காரர்களுக்காக மாடி வைத்த காட்டேஜ் கட்டினார்கள். எப்படி அனுமதி வந்தது என்று கேட்க அங்கே யாருக்கும் வாய் இல்லை. கேட்க வேண்டியவர்களுக்கு நேரம் இல்லை. செங்கல் சுமக்கச் சிவபாக்கியமும் போனாள். பச்சையில் எழும்பிய முதல் சுவர் அவள் தலையில்தான் மேடேறியது. கட்டி முடித்ததும் கேட்டில் பித்தளையில் நம்பர் பதித்தார்கள். அவள் சும்மாட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. வாட்ச்மேன் விரட்டினான்.

இடித்த பங்களாவின் கதவுகளில் ஒன்று, அடிப்பக்கம் கொஞ்சம் உளுத்தது, கழித்துப் போட்டிருந்தார்கள். கூலிக்குப் பதிலாக அதைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவளும் பொன்னுவேலும் அதைத் தூக்கி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. தேக்குக் கதவு. குடிசையைவிட ஒரு முழம் உயரம். கீல் மாட்ட நிலை கிடையாது. பகலில் ஓரமாகச் சாய்த்து வைப்பதும் இருட்டினால் வாசலில் சாத்தி வைப்பதும்தான்.

“இனி கதவுக்கு ஏத்த மாதிரி வீட்டக் கட்டணும் புள்ள” என்று சிரித்தான் பொன்னுவேல். சிரித்தபடியே, நம்பர் எழுதுவதற்கென்று நிலைக்குப் பக்கமாக ஒரு சாண் இடத்தைச் சுரண்டித் தேய்த்து வழவழப்பாக்கிக் கொடுத்தான். அவள் கண் மட்டத்துக்கு அளந்து பார்த்துத்தான் தேய்த்தான்.

அடுத்த ஐப்பசி மழையில் அவனுக்கு மார்ச்சளி கண்டது. டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கதவு எண் கேட்டார்கள். வழக்கம்போல் கோடு போட்டார்கள். அந்தக் கோட்டோடு அவன் போய்ச் சேர்ந்தான். கடைசி ஆளாக இருந்து அவனை மண்ணில் வைத்துவிட்டு வந்தவள், குடிசைக்குள் போகாமல் கதவில் அந்த வழவழப்பான இடத்தைத் தடவிக்கொண்டு வெகு நேரம் வெளியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அதற்கப்புறம் சாரல்மேடு மெல்ல மெல்லத் தேய்ந்தது. சிலர் பூண்டியில் பூண்டுக் காட்டு வேலைக்குப் போனார்கள். இருந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. எண்பத்தாறில் தைப்பொங்கல் கழிந்த சமயம், கம்பும் கத்தியுமாக ஒரு ஜீப் வந்து மேட்டின் மறுகோடியில் இரண்டு குடிசைகளைப் பிரித்துப் போட்டது. காட்டேஜ்காரர்களுக்கு அந்தப் புகை பிடிக்கவில்லையாம். அவ்வளவுதான். பழைய முடிவெல்லாம் காற்றோடு போயிற்று. ஜீப் சத்தம் கேட்டால் ஜனங்கள் மறுபடி காட்டுக்குள் போக ஆரம்பித்தார்கள்.

மாசிக் கடைசியில் ஒரு முற்பகல். சிவபாக்கியம் உலை வைத்திருந்தாள். வளைவுக்கு அப்பால் ஜீப் சத்தம். அவள் நினைப்பதற்கு முன்னால் கை முந்திக்கொண்டது. சொம்புத் தண்ணீர் அடுப்பில் விழுந்து உஸ்ஸென்று அடங்கியது. இத்தனை வருஷம் அந்தச் சத்தத்துக்காகத் தவம் கிடந்தவள்தான். பயம் அவளைவிடப் பழசு. அக்கம்பக்கத்தில் அருள்மேரியும் மற்றவர்களும் கோழிகளோடு மரங்களுக்குள் மறைவதும் தெரிந்தது.

அவளால் முன்போல் ஓட முடியவில்லை. செங்கல் சுமந்ததில் முழங்கால் போய்விட்டிருந்தது. புதரை விலக்கிக் கீழே பார்த்தாள். கம்பு இல்லை, கத்தி இல்லை. பேன்ட் போட்ட மூன்று பேர். ஜீப்பின் முன்பக்கத்தில் ஒரு பெரிய காகிதத்தை விரித்து, மூலைக்கு ஒரு கல் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

 ஐயா என்று கத்தினாள். காற்று மேலே அடித்துக்கொண்டிருந்தது. குரல் கீழே போகவில்லை. மரத்தடியிலிருந்தவர்களைக் கூப்பிட்டாள். துரத்தி வருகிறார்கள் என்று நினைத்து அவர்கள் இன்னும் உள்ளே போனார்கள். டின்னைத் தட்டினால் சுத்தம், திரும்பியே பார்க்க மாட்டார்கள். கீழே அதிகாரி மேட்டை அண்ணாந்து பார்த்துத் தலையை ஆட்டினார். ஒருவன் கல்லை எடுத்துவிட்டுக் காகிதத்தைச் சுருட்டினான். அவள் அடுப்பில் குனிந்து ஊதினாள். நனைந்த சாம்பல்தான் முகத்தில் அடித்தது. ஜீப்பை உறுமவிட்டார்கள்.

சிவபாக்கியம் எழுந்தாள். முதலில் கதவை இழுத்து, பெரணிப் புதருக்கு அப்பால் பாறைமேல் கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள். திரும்பி வந்து மாடத்திலிருந்த தீப்பெட்டியை எடுத்து, தன் கூரையில் ஒரு குச்சியைக் கிழித்து வைத்தாள்.

மாசி வெயிலில் காய்ந்த புல். புகை மேட்டுக்குமேல் ஒரு பனை உயரத்துக்கு எழுந்தது. ஜீப் நின்றது. மூன்று பேரும் தலைதெறிக்க மேலே ஓடிவந்தார்கள். அதைவிட வேகமாக மரக்காட்டுக்குள்ளிருந்து ஜனங்கள் ஓடிவந்தார்கள். தீ என்றால் மலையில் யாரும் ஒளிந்திருக்க மாட்டார்கள். அருள்மேரி குடத்தோடு வந்தாள். கிழவர்கள் தழைக் கொத்தோடு வந்தார்கள். பிள்ளைகள் சட்டியோடு வந்தார்கள். மடிப்புக்கு மடிப்பு ஆட்கள் முளைத்துக்கொண்டே இருந்தார்கள். அதிகாரியும் ஷூவோடு நின்று தழையால் அடித்தார். காட்டில் பரவாமல் அணைத்து முடித்தபோது சிவபாக்கியத்தின் குடிசை இருந்த இடத்தில் முழங்கால் உயர மண்சுவர் மட்டும் நின்றது.

“யாரு தீ வச்சது?” என்று கத்தினார் அதிகாரி. அவர் முகமெல்லாம் கரி.

“நான்தாங்க ஐயா. நாங்க இங்கன இருக்கோம்னு ஒங்களுக்குத் தெரியணும்ல.”

 அதிகாரி சுற்றி நின்ற அத்தனை முகங்களையும் பார்த்தார். பாறையில் உட்கார்ந்து, அருள்மேரி கொடுத்த தண்ணீரைக் குடித்தார். பிறகு காகிதத்தைக் கொண்டுவரச் சொன்னார். அன்று மத்தியானம் முழுவதும் அவர் குடிசை குடிசையாக ஏறி இறங்கினார்.

சாரல்மேட்டின் கீழ்ப்பாதி மஞ்சளாக மாறி, உத்தரவு வந்து, நம்பர் எழுத ஆள் வருவதற்கு மறுவருஷம் ஆயிற்று. பெயின்ட் டப்பாவும் பிரஷுமாக ஒருவன் வந்தான். அதுவரை அருள்மேரி வீட்டில் ஒண்டியிருந்த சிவபாக்கியம், காலையிலேயே குளித்துவிட்டுத் தன் மண்சுவருக்குள் போய் நின்றுகொண்டிருந்தாள். சுவருக்குள் புல் முளைத்திருந்தது. வீடு கட்டக் கடன் வரும் என்றிருந்தார்கள். வரவில்லை.

பெயின்ட்காரன் வந்து சுற்றுமுற்றும் பார்த்தான். வீடு எங்கே, எதில் எழுதுவது என்று கேட்டான்.

அவள் பாறைமேல் கிடந்த கதவை இழுத்து வந்தாள். வாசல் இருந்த இடத்தில் நிமிர்த்தி, இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். இதோ இங்கே என்று, பொன்னுவேல் தேய்த்து வைத்த இடத்தை மோவாயால் காட்டினாள். பெயின்ட்காரன் அங்கே எழுதிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனான்.

அருள்மேரி வந்து, கதவை இறக்கி வைத்துவிட்டுக் கஞ்சி குடிக்க வரச் சொன்னாள்.

“பெயின்ட் காயட்டும்க்கா” என்றாள் சிவபாக்கியம். காயும்வரை பிடித்துக்கொண்டே நின்றாள்.